அறுகம்பேக்குப் போகலாமா?

பள்ளி விடுமுறை நெருங்கும் போதெல்லாம் கடல் கடந்து வாழும் பழைய மாணாக்கரிடமிருந்து எமக்குக் கடிதங்கள் வருவதுண்டு. முன்பு தபாலில் வந்தன. இப்போது கைபேசியில் வருகின்றன. நலம் விசாரித்து, கல்லூரியின் புதினங்களைக் கேட்டு, ஈற்றில் ஒரு வினாவுடன் அவை முடியும். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பிறந்து வளர்ந்த தம் பிள்ளைகளுடன் ஆடி ஆவணியில் அவர்கள் இங்கு வரவிருக்கின்றனர். நல்லூர்த் திருவிழாவும், ஊர்க் கோயிலும், அம்மம்மா வீடும் பெற்றோர் வகுத்த திட்டத்தில் உள்ளவை. பிள்ளைகள் வகுத்த திட்டத்தில் உள்ளது ஒன்றே ஒன்று, அது அறுகம்பே. பெற்றோருக்குத் தாய்நாடாகிய இலங்கை அப் பிள்ளைகளுக்குப் பிறநாடு. பிறநாட்டுக்கு உல்லாசப் பிரயாணம் போகின்றவர் எதனைக் கேட்பரோ அதனையே அவர்களும் கேட்கின்றனர். பெற்றோருக்கோ வேறு கவலை. "சேர், பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போகலாமா? பயமில்லையா?"

எமக்கென்றால் இவ் வினாவுக்கு விடை எளிது. நாம் மட்டக்களப்பிலிருந்து பஸ் ஏறினால் ஏறக்குறைய நூறு கிலோமீற்றர் தூரம்; போய்ப் பார்த்து, பிழை என்று கண்டால் அன்று மாலையே திரும்பிவிடலாம். பிறர் பிள்ளைகளை ஓரிடத்துக்குப் போகச் சொல்வது அத்தகையதன்று. சொன்ன சொல்லுக்கு நாம் பொறுப்பாளி. "வேண்டாம்" என்று கூறிவிட்டால் பொறுப்புத் தீர்ந்தது என்று எண்ணுவோரும் உளர். ஆயின் அச் சொல்லுக்கும் ஒரு விலை உண்டு. அதனை நாம் கொடுப்பதில்லை; உல்லையில் இரண்டு அறைகளைக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் ஒரு குடும்பமே கொடுக்கின்றது. ஆகவே ஆம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் முன்னர், அறிந்தவற்றை வரிசையாக எடுத்து நோக்குதல் நன்று.

அச்சத்தின் ஊற்றுக்கண் யாது? 2024ஆம் ஆண்டு ஒக்டோபர் 23ஆந் திகதி கொழும்பிலுள்ள அமெரிக்கத் தூதரகம் ஓர் அறிவித்தல் விடுத்தது. அறுகம்பேப் பகுதியில் உல்லாசப் பிரயாணிகள் கூடும் இடங்களைக் குறிவைத்துத் தாக்குதல் நிகழக்கூடும் என நம்பத்தகுந்த தகவல் கிடைத்துள்ளது என்றும், மறு அறிவித்தல் வரையில் தம் நாட்டவர் அப் பகுதியை அறவே தவிர்க்க வேண்டும் என்றும் அது கூறிற்று. அன்றே இஸ்ரேல் அரசு, அறுகம்பேயிலும் தீவின் தெற்கு, மேற்குக் கரையோரங்களிலும் உள்ள தன் மக்களை உடனே வெளியேறும்படி பணித்தது. பிரித்தானியா, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளும் தத்தம் பிரயாண அறிவுரைகளைத் திருத்தின. ஒருநாட் பொழுதுக்குள் அந்தச் சிறு கடலூருக்குள் நூற்றுக்கணக்கான பொலிஸாரும் விசேட அதிரடிப் படையினரும் வந்திறங்கினர். சந்தேகத்தின்பேரில் சிலர் கைது செய்யப்பட்டனர். தாக்குதல் எதுவும் நிகழவில்லை. நவம்பர் மாத நடுப்பகுதியில் அமெரிக்கா தன் எச்சரிக்கையை விலக்கிக்கொண்டது.

மூன்று வாரம்! கலண்டரில் இருபத்தொரு கட்டங்கள். அதன் பின் நாம் அங்கு சென்றிருந்தபோது விடுதிக்காரர் ஒருவரிடம் இதனைப் பற்றி விசாரித்தோம். ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். முன்பு கடற்றொழில் செய்தவர்.

"என்ன காக்கா, அந்த நேரம் பெரிய நட்டமோ?" என்றோம்.

"சேர், வேணாமெண்டு சொன்ன அண்டைக்கே எல்லாரும் பேக்கைத் தூக்கிட்டாங்க. பொறகு பயமில்லை எண்டு சொல்லக்குள்ள மாரி தொடங்கிட்டு. மாரியில ஆரு சேர் வாற?" என்றார்.

இம் மறுமொழியை விளங்கிக்கொள்ள அக் கடலின் பருவத்தை அறிதல் வேண்டும். அறுகம்பேக்கு வாழ்வு தருவது தென்மேற்குப் பருவக் காற்று. சித்திரை தொடங்கி ஐப்பசி முற்பகுதி வரை, மேற்குக் கரையில் மழை கொட்டி அங்கு கடல் கலங்கியிருக்கும் காலத்தில், இங்கு வானம் வெளுத்து, கரை வரண்டு, தெற்கேயிருந்து வரும் நெடிய அலைகள் குடாவின் தென்முனையிற் பட்டு வலப்புறமாகச் சுருண்டு, ஒரே சீராக நெடுந்தூரம் ஓடி வருகின்றன. அலைச்சறுக்குப் பலகையில் ஏறி நிற்பவர்க்கு இதனிலும் இனியதொரு கடல் வேண்டுவதில்லையாம். கார்த்திகை பிறந்துவிட்டால் வடகீழ்ப் பருவ மழை; கடலும் கொந்தளிக்கும்; விடுதிகள் பலவும் கதவடைக்கும். ஐப்பசியின் ஈற்றில் வந்து கார்த்திகையின் நடுவில் நீங்கிய எச்சரிக்கை, ஆண்டின் கடைசி வருவாயை அள்ளிச் சென்றுவிட்டது என்பதே அம் மனிதர் கூறியதன் பொருள். அதே அறிவித்தல் ஆடி மாதத்தில் வந்திருப்பின் அவர் நிலை என்னாகியிருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

இஃது ஒருபுறமிருக்க, அந்த எச்சரிக்கையை வெறும் வீண்புரளி என்று தள்ளிவிடுவாரோடு நாம் உடன்படவில்லை. ஒன்றும் நடவாமையினால் ஒன்றும் இருந்ததில்லை என்று முடிவு கட்டுவது தருக்கமாகாது. காவல் வந்தமையினால் நடவாதிருந்திருக்கவும் கூடும். 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆந் திகதி ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து இருநூற்று அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் நாற்பதுக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டவர். அதற்கு முன்னர் வந்த இரகசியத் தகவல்களை உரியவர்கள் உரிய முறையிற் கவனிக்கவில்லை என்பதை உயர் நீதிமன்றமே பின்னாளில் தீர்ப்பாக எழுதிற்று. ஒருமுறை கேளாமல் இருந்துவிட்டுப் பறிகொடுத்த நாடு, மறுமுறை கேட்டு விழித்துக்கொண்டதற்காக நகைத்தல் தகாது. 2024இன் அந்த மூன்று வாரத்துள் எவர் எம்மைக் கேட்டிருப்பினும் "இப்போது வேண்டாம்" என்றே கூறியிருப்போம்.

ஆனால் அது அப்போது. அதன்பின் ஆண்டுகள் உருண்டும் "அறுகம்பேயா? அங்கே குண்டு மிரட்டல் அல்லவா?" என்று கேட்போர் உளர். எச்சரிக்கையை வாசித்தவர் ஆயிரம் பேர் என்றால், அது நீங்கியதை வாசித்தவர் நூறு பேரும் இரார். ஆதலால் எம் மாணாக்கருக்கு நாம் முதலிற் கூறுவது இதுவே: நீங்கள் வாழும் நாட்டின் அரசு வெளியிடும் பிரயாண அறிவுரையை, பிறர் சொல்லக் கேளாமல், புறப்படுமுன் நீங்களே எடுத்து வாசியுங்கள். அதில் மூன்று செய்திகளைத் தேடுங்கள். எந்த இடம் என்று குறித்திருக்கின்றார்களா, அல்லது நாடு முழுவதற்கும் பொதுவாகச் சொல்லியிருக்கின்றார்களா? எந்தத் திகதியில் எழுதியது? "அவதானமாக இருங்கள்" என்கின்றதா, "செல்லாதீர்கள்" என்கின்றதா? முன்னையது எந்நாட்டுக்கும் எழுதப்படுவது. பாரிஸ் மாநகருக்கும் எழுதுகின்றார்கள். பின்னையது வேறு. "செல்லாதீர்கள்" என்று அரசு சொன்ன இடத்துக்குச் சென்றால் பிரயாணக் காப்புறுதி பெரும்பாலும் செல்லுபடியாகாது. பிள்ளைக்குக் கால் முறிந்தாலும் வைத்தியச் செலவு முழுவதும் உங்கள் தலையில். குண்டுக்கு அஞ்சாதவரும் இதற்கு அஞ்சவே வேண்டும்.

இனி, அந்த ஊர்களைப் பற்றி. மட்டக்களப்பிலிருந்து தெற்கே செல்லும் பெருவீதியில் கல்லாற்றுப் பாலங்களைத் தாண்டிவிட்டால், ஒருபுறம் வயல், மறுபுறம் கடல், இடையே ஊரோடு ஊர் ஒட்டிய நெடுந்தெரு. மருதமுனையில் கைத்தறி ஓசை, கல்முனைக் கடைத்தெருவில் நடக்க இடமிராது, அடுத்துச் சாய்ந்தமருது, அதனையடுத்துக் காரைதீவு. 1892இல் விபுலாநந்த அடிகள் பிறந்த ஊர் அதுவே. யாழ் நூல் கண்ட அப் பெரியாரின் ஊருக்கு வடக்கே சாய்ந்தமருது, தெற்கே நிந்தவூர், இரண்டும் முஸ்லிம் ஊர்கள். பின்னர் ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, அப்பால் தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி, ஈற்றில் பொத்துவில். பள்ளிவாசலின் பாங்கொலி ஓயுமுன் கோயில் மணி கேட்கும். பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று இங்குள்ளோர் தம் வாழ்வைக் கூறிக்கொள்வர். அவ்வுவமை எந்நாளும் மெய்யாக இருந்ததில்லை என்பதை இப் பகுதியில் வாழ்ந்த எவரும் அறிவர். யுத்த காலத்தில் இரு பக்கத்திலும் இரத்தம் சிந்தியது. 2006ஆம் ஆண்டு செப்டம்பரில் பொத்துவிலுக்கு அண்மையில் கூலிவேலைக்குச் சென்ற பத்து முஸ்லிம்கள் வெட்டிக் கொல்லப்பட்டனர். தமிழ் ஊர்களும் தத்தம் கணக்கை வைத்திருக்கின்றன. இருந்தும் சந்தையில் ஒருவர் பொருளை ஒருவர் வாங்கியே உண்கின்றனர்.

புலம்பெயர்ந்த நம்மவர் சிலர், "முஸ்லிம் ஊர்கள் அல்லவா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பதுண்டு. கேட்கட்டும், மறுமொழி உண்டு. 2019 ஈஸ்டர் கொலைகளைச் செய்த கூட்டத்தின் எஞ்சியோர் சாய்ந்தமருதில் ஒரு வாடகை வீட்டில் ஒளிந்திருந்தனர். ஏப்ரல் 26ஆந் திகதி இரவு படையினர் அவ் வீட்டைச் சூழ்ந்தபோது உள்ளிருந்தோர் குண்டுகளை வெடிக்கச் செய்து பிள்ளைகள் உட்படப் பதினைந்து பேர் மாண்டனர். அவ் வீட்டுக்கு வந்திருந்த அந்நியரைக் கண்டு ஐயுற்று, பொலிஸுக்கு அறிவித்தவர் யார்? சாய்ந்தமருது முஸ்லிம் மக்களே. கொழும்பிலிருந்து எந்தத் தூதரகமும் அன்று அந்தத் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அயல்வீட்டார் பார்த்தனர். ஓர் ஊரின் காவல் எத்தகையது என்று கேட்போருக்கு இதனிலும் மேலான சான்று எம்மிடம் இல்லை. அவ்வாண்டு செப்டம்பரில், அதாவது ஐந்தே மாதத்தில், உலக அலைச்சறுக்குப் போட்டியொன்று அறுகம்பேயில் நடந்தேறியது. பல நாடுகளிலிருந்தும் வீரர் வந்து சென்றனர்.

அறுகம்பே என்பது பொத்துவில் நகருக்குத் தெற்கே மூன்று கிலோமீற்றரில் உள்ள பிறைவடிவக் குடா. களப்பின் வாயிலுக்குக் குறுக்கே ஒரு பாலம். பாலத்தைக் கடந்தால் உல்லை. ஒரே தெரு, அதன் இருமருங்கும் தென்னோலை வேய்ந்த சிறு குடில்கள், சாப்பாட்டுக் கடைகள், பலகை வாடகைக்கு விடுவோர், தையற்காரர். கடலோரத்தில் விடியுமுன்னரே வள்ளங்கள் கரைசேரும். மீனை மணலிற் கொட்டி ஏலம் கூறுவர். அந்தக் குரல்களுக்கு நடுவே பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள் கடலுக்குள் நடப்பார்கள். இரு தரப்பாரும் ஒருவரை ஒருவர் நிமிர்ந்தும் பார்ப்பதில்லை; அத்துணைப் பழக்கம். இப்போது உள்ளூர் இளைஞருள்ளும் தேர்ந்த அலைச்சறுக்கு வீரர் பலர் உளர். 2018இல் பெண்களுக்கென்றே ஒரு கழகமும் இங்கு தொடங்கப்பெற்றது. இலங்கையில் இத்தகைய மகளிர் கழகம் இதுவே முதலாவது என்பர். பிள்ளை பெற்ற தாய்மாரும் அதில் பலகை ஏறுகின்றனர் என்று கேட்டு எம் இல்லாள் வியந்தாள். எம்மை ஒருமுறை திரும்பியும் பார்த்தாள்.

இந்தத் தெருவை 2005ஆம் ஆண்டு மாசியில், நிவாரணப் பொருள் ஏற்றிய லொறியொன்றுடன் சென்று, நாம் முதன்முதலாகக் கண்டோம். அப்போது அங்கு தெருவே இல்லை. 2004 டிசம்பர் 26ஆந் திகதிக் காலையில் வந்த ஆழிப் பேரலை பாலத்தைச் சிதைத்து, கரையிலிருந்த கட்டடங்களைத் துடைத்தெடுத்துச் சென்றிருந்தது. இலங்கையிலேயே மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறைதான், பதினாயிரத்துக்கும் மேல். இன்றுள்ள பாலம் அமெரிக்க மக்களின் உதவியாற் கட்டப்பெற்று 2008இல் திறக்கப்பட்டது. அதே அமெரிக்காவின் தூதரகம் பதினாறு ஆண்டுகளின் பின் அப் பாலத்தைக் கடக்க வேண்டாம் என்று தன் மக்களுக்குச் சொல்ல நேர்ந்தது. பேரலை, அதற்கு முன்னும் பின்னும் யுத்தம், 2019, கொரோனா நோய், 2022இல் எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசை, மீண்டும் 2024. உல்லையில் ஒரு விடுதிக்காரனுக்கு இருபது ஆண்டுக்குள் எத்தனை தரம் அடுப்பு அவிந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இனி மறைக்காமற் சொல்ல வேண்டிய ஒன்று. 2024இன் மிரட்டல் அறுகம்பே மீது ஏன் வந்தது? அண்மைக் காலத்தில் இங்கு வருவோருள் இஸ்ரேலிய இளைஞர் தொகை பெரிது. கட்டாய இராணுவ சேவை முடித்து உலகைச் சுற்றப் புறப்படுவோர் பலர். தெருவில் எபிரேய எழுத்தில் பெயர்ப்பலகைகள் உண்டு. அவர்கள் கூடி வழிபடும் இல்லம் ஒன்றும் உண்டு. அதனைச் சூழக் காவல் நின்றதை நாமே கண்டோம். ஊராரோ பெரும்பாலும் முஸ்லிம்கள். காஸாவில் நடந்தவை அவர்கள் உள்ளத்தைச் சுட்டன. அதே விருந்தாளிகளிடமிருந்து வரும் காசினால் அவர்களிற் பலர் வீட்டில் உலை கொதிக்கின்றது. இந்த இக்கட்டை அவர்கள் அனைவரும் ஒரேவகையாகச் சுமக்கவில்லை. சிலர் முகங்கொடுத்துப் பேசார், சிலர் வியாபாரம் வேறு அரசியல் வேறு என்பர். வெளியூரார் வந்து வியாபாரத்தைத் தாமே கையில் எடுத்துக்கொள்கின்றனர் என்ற மனக்குறையும் உண்டு. அதில் நியாயம் உண்டென்பதே எம் எண்ணம்.

"அப்படியாயின் ஆபத்து இஸ்ரேலியருக்கு, நமக்கென்ன?" என்று ஒரு மாணாக்கர் எழுதினார். அவ்வாறு நாம் கூறமாட்டோம். குண்டு கடவுச்சீட்டைப் பார்த்து வெடிப்பதில்லை. ஈஸ்டர் ஞாயிறன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் மாண்ட நம் குழந்தைகளை நினைத்தால் அவ் வாக்கியத்தை எழுத மனம் வராது. ஆகவே நாம் கூறுவது வேறு: குடும்பத்தோடு வருபவர் நெரிசலான தெருவின் நடுவில், இரவு முழுதும் இசை ஒலிக்கும் களியாட்ட விடுதிகளின் அருகில் தங்க வேண்டியதில்லை. பொத்துவில் முனைப் பக்கமும், பாணமை வீதியிலும் அமைதியான சிறு விடுதிகள் பல உள. ஆபத்துக் குறைவதோடு பிள்ளைகளும் நேரத்தோடு உறங்குவர். இரண்டாவது பயன் உறுதி.

எம் மனத்தில் உள்ள அச்சங்களை உள்ளவாறு வரிசைப்படுத்தினால் வன்முறை முதலிடம் பெறாது. முதலிடம் கடலுக்கே. நாம் சென்றிருந்தபோது, எம் மகன் முனைப்பக்கம் நீந்தப் போவதாகச் சொல்ல, வலை பின்னிக்கொண்டிருந்த இளைஞனொருவன் எழுந்து வந்தான்.

"சேர், எங்கட புள்ளையளயே நாங்க அந்தப் பக்கம் உட மாட்டம். அடியில கல்லு, இழுவையும் கூட. இந்தா, வள்ளம் நிக்கிற மூலையில குளிக்கச் சொல்லுங்க" என்றான்.

"நல்லது தம்பி" என்று கூறி அவ்வாறே செய்தோம். வள்ளங்கள் நிற்கும் தென்மூலையில் அலை அடங்கியிருக்கின்றது. உயிர்காப்புப் பொலிஸார் நிற்கும் இடத்தை முதலிற் கேட்டறிக. கனடாவின் நீச்சற் குளத்தில் பரிசு பெற்ற பிள்ளைக்குக் கடல் நீரோட்டம் தெரியாது. அலைச்சறுக்குக் கற்க விரும்பினால் ஆசிரியரை வைத்துக்கொண்டு, சிற்றலை புரளும் உட்குடாவில் தொடங்குக. நடுக்கம் ஒன்றை உணர்ந்தாலும், எச்சரிக்கை ஒலி கேட்டாலும் எந்தப் பக்கம் ஓடுவது என்பதை முதல்நாளே விடுதிக்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்க. 2012 ஏப்ரல் 11ஆந் திகதி சுமாத்திராவில் நிலம் அதிர்ந்தபோது இக் கரையோர மக்கள் அனைவரும் உள்நாடு நோக்கி ஓடினர். அலை வரவில்லை. அடுத்த முறையும் அவர்கள் ஓடுவார்கள். நீங்களும் அவர்களோடு ஓடுவதே முறை.

அடுத்தது முதலை. 2017ஆம் ஆண்டு செப்டம்பரில், யானைப் பாறை என்று வழங்கும் இடத்துக்கு அண்மையில், களப்பு நீரில் கைகழுவச் சென்ற பிரித்தானிய இளைஞரொருவரை முதலை இழுத்துச் சென்றது. கடலிற் குளித்துவிட்டு உப்பைக் கழுவ அருகிலுள்ள நன்னீரைத் தேடுவது இயற்கை. அந்த இயற்கையை இங்கு அடக்கிக்கொள்ள வேண்டும். கண்டற் காடுகளைப் பார்க்கப் பொத்துவிற் களப்பில் மீனவர் வள்ளம் ஓட்டுகின்றனர். அதில் அமர்ந்து பார்க்கலாம், கையை நீருள் விடலாகாது. மூன்றாவது யானை. கொழும்பிலிருந்து மொனராகலை, சியம்பலாண்டுவை வழியாக வரும் வீதி லாகுகலைக் காட்டை ஊடறுத்து வருகின்றது. அந்தி மயங்கியபின் யானைகள் வீதிக்கு வரும். வண்டியை நிறுத்தி இறங்கிப் படம் எடுப்பவர்களை நாம் கண்டிருக்கின்றோம். அவர்களுக்குச் சொல்ல எம்மிடம் சொல் இல்லை.

பெண்பிள்ளைகளோடு வரும் பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இக் கரையோர வீதியில் தனியே முச்சக்கர வண்டி ஓட்டிச் சென்ற நியூசிலாந்துப் பெண்ணொருவரிடம் ஒருவன் அநாகரிகமாக நடந்துகொண்டதும், அவர் அதனைப் படம்பிடித்து வெளியிட்டதும், பொலிஸார் அவனைப் பிடித்ததும் ஊரறிந்த செய்தி. அத்தகைய கயவர் எந்த ஊரிலும் உளர். ஆயினும் பிள்ளைகளைத் தனியே நெடுவீதியில் அனுப்பாதிருத்தல் எளிது. உடை பற்றியும் கேட்கின்றனர். குடாவின் மணலில் நீச்சலுடைக்குத் தடை ஏதும் இல்லை. பாலத்தைக் கடந்து பொத்துவில் கடைத்தெருவுக்கு, அதுவும் வெள்ளிக்கிழமை நண்பகலில், அதே உடையில் போவது அழகன்று. நல்லூர் வீதியில் எவ்வாறு நடப்பார்களோ அவ்வாறு நடந்தால் போதும். இதற்கு நீண்ட உபதேசம் தேவையில்லை.

ஆகவே, போகலாம் என்பதே எம் விடை. வைகாசி முதல் புரட்டாசி வரை போகலாம். புறப்படும் வாரத்தில் உங்கள் அரசின் அறிவுரை "அறுகம்பேயைத் தவிர்க்க" என்று கூறுமாயின் போகவேண்டாம். விடுதிக்காரருக்கு முன்பணத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, அடுத்த ஆண்டுக்கு நாள் குறித்துக்கொள்ளுங்கள். அங்கிருக்கும்போது அத்தகைய அறிவித்தல் வந்தால் வாதாடாமல் அன்றே புறப்படுங்கள். அதற்கென ஒரு வண்டிச் சாரதியின் இலக்கத்தை முன்னரே எழுதி வைத்திருங்கள். பொத்துவிலில் ஆதார வைத்தியசாலை உண்டு. பெரிய சிகிச்சைக்குக் கல்முனை அல்லது அம்பாறை செல்ல வேண்டும். ஒவ்வாமை, இழைப்பு முதலிய நோயுள்ள பிள்ளைகளுக்கு மருந்தை வெளிநாட்டிலிருந்தே எடுத்து வருக.

மூன்று நாளாவது தங்குக. ஒருநாள் கடலுக்கு, ஒருநாள் களப்புக்கு, ஒருநாள் பாணமையைக் கடந்து உகந்தைமலை முருகனிடம் போய் வாருங்கள். பாணமை, சிங்களவரும் தமிழரும் கொண்டு கொடுத்து வாழும் பழைய ஊர். உகந்தையில் கடலோரப் பாறைமேல் நின்று பார்த்தால் ஒருபுறம் குமணக் காடு, மறுபுறம் கடல். யாழ்ப்பாணத்திலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்கள் ஆடித் திருவிழாவுக்கு முன் இங்கு தங்கி, இங்கிருந்துதான் காட்டுக்குள் நுழைகின்றனர். கரடியும் சிறுத்தையும் உலாவும் காடு அது. எழுபது வயதுப் பாட்டிமார் தலையில் மூட்டையோடு அதற்குள் நடந்து போவதை, பிரயாண அறிவுரையைக் கையில் வைத்திருக்கும் பிள்ளைகள் ஒருமுறை பார்க்கட்டும்.

திரும்பும்போது மலைநாட்டு வழியாகக் கொழும்புக்குப் போவதாயின், வீதி எவ்வாறு உள்ளதென்று முதலில் விசாரிக்கவும். 2025 நவம்பர் ஈற்றில் வந்த டித்வாப் புயலில் மலைநாட்டு வீதிகள் பல சரிந்தன. பொத்துவில் கடைத்தெருவில் ஒரு சட்டி எருமைத் தயிரை வாங்கி வண்டியில் சரியாமல் வைத்துக்கொண்டு, மாலை நாலு மணிக்கு முன் லாகுகலையைத் தாண்டிவிடுங்கள்.